புலியின் முடிக்குக் கூலி

2011 ஜனவரியில் எங்கள் ஊர்க் கோவில் குளத்தில் பஞ்சாங்கத்தில் இல்லாத ஒரு தெப்பத் திருவிழா நடந்தது. ஆங் லீ என்கிற தைவான் இயக்குநர் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காக வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோவிலில் எடுத்த காட்சி அது. கூட்டத்தில் நின்றவர்களில் பலர் எங்கள் சனங்கள்தான். அம்மாவும் போயிருந்தாள். விடியற்காலையில் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைச் சாமி மாடத்தில் வைத்தாள். "சும்மா நின்னதுக்குக் காசு குடுக்கறான்டா. வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்" என்றாள். தைவான் எங்கே இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அப்போது பொறுமை இல்லை.

அடுத்த வருடக் கடைசியில் படம் வந்தது. பாண்டியில் போய்ப் பார்த்தோம். அம்மா தன் முகத்தைத் தேடினாள். நான் புலியின் ஓரங்களைத் தேடினேன். அப்போது நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் ரோட்டோ வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நனைந்த முடி, காற்றில் ஆடும் மீசை, படகின் விளிம்பில் படும் நிழல், எல்லாவற்றையும் எவனோ ஒருவன் உட்கார்ந்து செய்திருக்கிறான் என்கிற நினைப்பிலேயே கதையைக் கோட்டைவிட்டேன். சில ஷாட்டுகளில் மட்டும்தான் நிஜப்புலி. மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் பிறந்தது. அம்மாவின் முகம் கடைசிவரை அகப்படவில்லை. ஆனால் அவளுக்குக் கூலி அன்றைக்கே கிடைத்திருந்தது.

அந்தப் புலியைச் செய்தவர்களின் கதை வேறு. ரிதம் அண்ட் ஹ்யூஸ், 1987இல் தொடங்கப்பட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுவனம். 2013 பிப்ரவரி நடுவில் திவால் மனு கொடுத்தது. இருநூற்றுக்கும் அதிகமானவர்கள் வேலையிழந்தார்கள். அதே பிப்ரவரி 24 அன்று ஆஸ்கர் விழா. 'லைஃப் ஆஃப் பை' நான்கு விருதுகள் வாங்கியது, அதில் ஒன்று விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு. அரங்குக்கு வெளியே 400க்கும் மேற்பட்ட கலைஞர்கள் பதாகையுடன் நின்றார்கள். உள்ளே பில் வெஸ்டன்ஹோஃபர் விருதை வாங்கிக்கொண்டு, தன் நிறுவனம் கஷ்டத்தில் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். 'ஜாஸ்' படத்தின் சுறா இசையைப் போட்டு மைக்கை அணைத்தார்கள். பேச்சு நீண்டால் இசை போடுவது அந்த விழாவின் வழக்கம்தான். இருந்தாலும் அந்த வீடியோவை எங்கள் ஆபீஸில் நைட் ஷிப்ட்டில் பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. படத்தின் உலக வசூல் சுமார் 60 கோடி டாலர்.

அன்றிரவு உலகம் முழுக்க எங்கள் தொழில்காரர்கள் முகநூலில் தங்கள் படத்தை எடுத்துவிட்டு வெறும் பச்சைச் சதுரத்தை வைத்தார்கள். கிரீன் ஸ்கிரீனின் பச்சை. நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் படத்தில் இதுதான் மிஞ்சும் என்று அர்த்தம். நானும் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர்கள் எதை எதிர்த்து நிற்கிறார்களோ அந்தப் பட்டியலில், மலிவான நாட்டுக்கு வேலை போவதும் ஒன்று. அந்த நிறுவனத்துக்கே மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. திவாலுக்குப் பிறகு அதை வாங்கியது மும்பையில் ஸ்டூடியோ வைத்திருந்த பிரானா ஸ்டூடியோஸின் சார்பு நிறுவனம். எவனுடைய வேலை போகிறது என்று பச்சை வைத்தேனோ, அவனுடைய வேலைதான் என் மேசையில் இருந்தது. இதில் நான் யார் பக்கம்? பதின்மூன்று வருடமாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

ரோட்டோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. படத்தில் ஒரு ஆள் நடந்து போகிறான். அவனுக்குப் பின்னால் உள்ள தெருவை எடுத்துவிட்டு வேறு நகரத்தை வைக்க வேண்டும். அதற்கு அந்த ஆளின் உருவத்தைச் சுற்றி, விரல் விரலாக, முடிக்கற்றை கற்றையாக, கோடு வரைந்து பிரிக்க வேண்டும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடி ஷாட் என்றால் 120 படங்கள். மென்பொருள் நடுவில் கொஞ்சம் உதவும், ஆனால் அவன் கையை வீசினால் உதவாது. நன்றாகச் செய்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது. ஓரம் கொஞ்சம் துடித்தால் மட்டும் தெரியும். சரியாக இருந்தால் காணாமல் போவதும் தவறினால் மட்டும் கண்ணில் படுவதும் வீட்டில் பாத்திரம் கழுவும் வேலைக்கும் இருக்கிற குணம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நீயும் பத்துப்பாத்திரந்தான் தேய்க்கிறன்னு சொல்லு" என்றாள்.

இந்த வேலையைப் படிக்க அப்பா பாகூர்ப் பக்கம் இருந்த அரைக்காணியை அடமானம் வைத்தார். பாகூர் ஏரிப் பாசனத்து நிலம். பாகூர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு அங்கே கிடைத்தது. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று கிராமங்களைக் கொடுத்த ஆவணம். படிப்பை நடத்த ஊரே வருமானம் கொடுத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பிறகு யோசித்தால், அந்த மூன்று கிராமத்தில் நாற்று நட்டவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியில் இடம் இருந்திருக்குமா என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் நிலமாவது அப்பா தானாக அடமானம் வைத்தது.

தானாக. இந்த வார்த்தையில்தான் என் வழக்கே இருக்கிறது.

எங்கள் தொழிலைப் பற்றிக் குறை சொன்னால் வருகிற முதல் பதில் இதுதான்: "யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தலையே. நீயாத்தானே சேர்ந்தே, நீயாத்தானே கையெழுத்துப் போட்டே." உண்மை. ஸ்டூடியோக்காரன் கழுத்தைப் பிடிக்கவில்லை. எஃபெக்ட்ஸ் நிறுவனமும் தானாகத்தான் குறைந்த விலைக்கு ஏலம் கேட்கிறது. விலை முன்கூட்டியே நிர்ணயம். படம் மாறிக்கொண்டே இருக்கும், விலை மாறாது. இயக்குநருக்குப் பன்னிரண்டாவது தடவை வானத்தின் நிறம் பிடிக்கவில்லை என்றால் பதின்மூன்றாவது வானத்தை அதே காசில் செய்ய வேண்டும். பெரிய வேலை கொடுக்கும் ஸ்டூடியோக்கள் உலகத்தில் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், வேலை கேட்பவர்கள் ஆயிரம். கனடாவின் மாகாணங்களும் பிரிட்டனும் படத் தயாரிப்புக்கு வரிச்சலுகை கொடுக்கின்றன. எந்த ஊர் அதிகம் கொடுக்கிறதோ அங்கே வேலை பறக்கும், கலைஞனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் பறப்பான். உழைப்பு அதிகம் கேட்கும் ரோட்டோ, பெயின்ட் போன்றவை அங்கிருந்து மும்பைக்கு, சென்னைக்கு. சென்னையிலிருந்து எங்களை மாதிரி ஆட்களுக்கு.

இந்தச் சங்கிலியில் திருடன் யார் என்று நான் நிறையத் தேடியிருக்கிறேன். ரிதம் அண்ட் ஹ்யூஸ் கெட்ட முதலாளி இல்லை. ஆட்களை நன்றாக வைத்திருந்த நிறுவனம் என்றுதான் அங்கே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவர்களைப் பற்றி 2014இல் வந்த 'லைஃப் ஆஃப்டர் பை' என்கிற ஆவணப்படத்தைப் பார்த்தால், ஆளை அனுப்ப மனசு வராததுகூட அந்த வீழ்ச்சியில் ஒரு பங்கோ என்று தோன்றும். ஸ்டூடியோவைக் கேட்டால் பத்துப் படத்தில் பாதி ஊத்திக்கொள்கிறது என்பார்கள். ஆங் லீயைக் கேட்டார்கள். விஷுவல் எஃபெக்ட்ஸ் இன்னும் மலிவாக வேண்டும் என்று ஆஸ்கர் இரவில் அவர் சொன்னது எங்கள் ஆட்களைக் கொதிக்க வைத்தது. எனக்கு அவர் மேல் பெரிய கோபம் இல்லை. தறிக்காரனிடம் நூல் விலை குறையக் கூடாதா என்று கேட்டால் குறையட்டும் என்றுதான் சொல்வான். நூல் நூற்றவளும் அதே அறையில் நிற்கிறாள் என்பது அவனுக்குத் தோன்றாது, அவ்வளவுதான்.

ஆக, மேலே போகப் போக ஒவ்வொருவனும் தன் கணக்கு நோட்டைத் திறந்து காட்டுகிறான், எல்லா நோட்டிலும் கொஞ்சம் நஷ்டம் இருக்கிறது. தப்பு நடந்திருக்கிறது, தப்புச் செய்தவன் இல்லை. ரொம்ப வருடம் நான் இந்த இடத்தில் நின்றுவிட்டேன். அமைப்பின் தவறு என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடலாம், வசதியான இடம்.

2018இல் சென்னையை விட்டு வந்து வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் நானே ஒரு சின்ன யூனிட் போட்டேன். ஐந்து பையன்கள். இரண்டு பேர் வில்லியனூர், மூன்று பேர் பாகூர் கொம்யூன். எல்லாருமே டிப்ளமோவோ டிகிரியோ முடித்துவிட்டு சும்மா இருந்தவர்கள். மாதம் 9,000 ரூபாய். ஊரில் இதை நல்ல சம்பளம் என்றார்கள். "ஏசி ரூம்ல உக்காந்து சினிமா வேலை, வெயில் இல்ல, சேறு இல்ல." நானும் பையன்களிடம் அதைத்தான் சொன்னேன். கூடவே, இங்கிலீஷ் படத்தில் பேர் வரும் என்றும் சொன்னேன். வராது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் கை நான்காம் கை வாங்கும் வேலைக்குப் பேர் போடுவதில்லை.

ஒரு வேலை வந்தது. 120 மேன்டே, அதாவது ஒரு ஆள் 120 நாள் செய்யும் வேலை. ஐந்து பேருக்கு 24 நாள். என்ன ரேட் என்று கேட்டார்கள். மேன்டேவுக்கு 900 சொன்னேன். 1,100க்குக் குறைந்து கட்டாது என்று தெரிந்துதான் சொன்னேன். இன்னொருத்தன் 950 சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். மொத்தம் 1,08,000. பையன்கள் சம்பளம் 45,000. வாடகை, கரண்ட், நெட், சிஸ்டம் வாடகை சேர்த்து 22,000. ஒரு மாதத்தில் முடிந்தால் எனக்கு 41,000 நிற்கும். இந்த எண்ணை இங்கே எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து வாங்குவதும் நான் ஒருவன் வாங்குவதும் கிட்டத்தட்ட சமம். லாஸ் ஏஞ்சல்ஸ்காரனுக்காகப் பச்சைச் சதுரம் வைத்தவன் போட்ட கணக்கு இது.

ரிவிஷன் வந்தது. ஓரம் துடிக்கிறது என்று ஒருமுறை, முடி தனியாக வேண்டும் என்று ஒருமுறை, எடிட் மாறிவிட்டது என்று முழுதாக ஒருமுறை. வேலை இரண்டாவது மாதத்துக்குள் போய்விட்டது. பையன்கள் ராத்திரி தங்கினார்கள். நான் பரோட்டா வாங்கிப் போட்டேன், பாட்டுப் போட்டேன், "நம்ம வேலைடா" என்றேன். அவர்களுக்கும் வேலை பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு ஒரு கஷ்டமான ஷாட்டின் ஓரம் அசையாமல் நிற்கும்போது வருகிற சந்தோஷம் அவர்கள் முகத்தில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது. 900 சொன்னபோது மீதி 200ஐ எங்கிருந்து எடுப்பேன் என்று என் மனதில் ஓர் இடம் இருந்தது. அது இவர்களின் ராத்திரிதான். எங்கள் ஒப்பந்தத்தில் எழுதாத ஒரே பொருள் அதுதான், அதனால் அதற்கு விலையும் இல்லை.

பிடித்த வேலை செய்கிறவனுக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்பது எங்கள் தொழிலில் மட்டும் உள்ள நினைப்பு இல்லை. நாடகக்காரனுக்கும் தமிழ் எழுதுகிறவனுக்கும் அதையேதான் சொல்கிறோம். பிடிப்பு என்பது வேலை செய்பவனிடம் ஏற்கெனவே இருக்கும் சொத்து. அதை நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவனுடைய பொருளையே எடுத்து அவனுக்குச் சம்பளமாகக் கொடுத்துவிட்டு, கணக்கு நேர் என்கிறோம். 'பிடிக்காவிட்டால் போகலாமே' என்று சொல்ல முடிவதும், போக அவனுக்கு இடம் இல்லை என்பது நமக்குத் தெரிவதால்தான்.

இதில் மண் வேலைக்கும் எங்கள் வேலைக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தை எங்கள் ஊரிலிருந்தே சொல்ல முடியும். வில்லியனூர் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்த வேலைக்காக எங்கள் ஊர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூளையிலிருந்து வெளியே வந்த குதிரையின் காதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டுமென்றால் இன்னொரு குதிரை, இன்னொரு விலை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது. நெருப்பு கைவினைஞனுக்குச் செய்யும் காவல் அது, வேலை முடிந்தது என்று அதுவே சொல்லிவிடும். மண்பாண்டக்காரர்கள் இதனால் பணக்காரர்கள் ஆகிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் மண் என்றைக்கும் பச்சை மண். பிக்ஸலைச் சுடும் சூளை இல்லை. வேலை எப்போது முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் முழுக்க எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. தன் வேலை முடிந்தது என்று சொல்ல உரிமை இல்லாதவன் போடும் கையெழுத்தை எந்த அளவுக்குச் சம்மதம் என்று சொல்வது?

அடுத்த பதில்: 9,000 வில்லியனூரில் வேறு, லாஸ் ஏஞ்சல்ஸில் வேறு. விலைவாசி அப்படி. நானும் நம்பியிருந்தேன். ஆனால் பாண்டிக்காரனிடம் இந்த வாதம் அவ்வளவு சுலபமாக எடுபடாது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். ரோடியர் மில்லில், அதாவது ஏஎஃப்டியில், வேலை பார்த்த அவர் தம்பி போடவில்லை. ஒரே தெரு, ஒரே மீன் மார்க்கெட். அண்ணனுக்கு யூரோவில் பென்ஷன், தம்பிக்கு அண்ணன் வாங்கித் தரும் மருந்து. ஒரு மனிதனின் உழைப்புக்கு இவ்வளவுதான் விலை என்பது மழை மாதிரி மேலேயிருந்து வருவதில்லை, ஒரு காகிதத்தில் இருந்து வருகிறது என்று சின்ன வயதிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். பார்த்தும் 9,000 கொடுத்தேன்.

அந்த ரோடியர் மில்லும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் பாண்டி மில்களின் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று, சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா முன்னால் நின்ற அந்தப் போராட்டத்திலிருந்துதான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை வந்தது. வருடா வருடம் தியாகிகள் தினத்தன்று சிவப்புக்கொடி ஊர்வலம் போகும்போது நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து டிராஃபிக்கைத் திட்டியிருக்கிறோம். பிறகு வந்த 1948 தொழிற்சாலைச் சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றது. என் யூனிட் இருந்தது வாடகை வீடு. வாசலில் கோலம் இருந்தது. அதைத் தொழிற்சாலை என்று யாரும் நினைக்கவில்லை, உள்ளே இருந்தவர்களும் நினைக்கவில்லை. நாங்கள் எங்களை ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிட்டுக்கொண்டோம்.

வேலை டெலிவரி ஆகி மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தது, தரம் போதவில்லை என்று இருபது சதவீதம் பிடித்துக்கொண்டு. 86,400. இரண்டு மாதச் செலவோ 1,34,000. சிஸ்டம் வாடகைக்காரன் வந்து பெட்டிகளைத் தூக்கிப் போனான். பையன்களுக்கு 19 நாள் சம்பளம் பாக்கி. அன்றைக்கு பாகூர்ப் பையன் ஒருவன், இருப்பவர்களிலேயே கை நன்றாக உள்ளவன், கேட்டான்: "இதுல நம்மள யாருண்ணா ஏமாத்தினது?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் சங்கிலி முழுக்க விளக்கினேன். ஸ்டூடியோ, வரிச்சலுகை, ஏலம், டாலர். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப யாருமே இல்லையா ணா?" என்றான். நான் மேலே மட்டும்தான் கை காட்டினேன். 900 என்று சொன்ன வாயைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

சங்கிலி பெரியதுதான். 1,100 கேட்டிருந்தால் வேலை வேறொருவனுக்குப் போயிருக்கும், அங்கேயும் இதே ஐந்து பையன்கள் இருந்திருப்பார்கள். அதெல்லாம் சரி. ஆனால் யார் கையிலும் மொத்தப் பழியும் இல்லை என்பதால் என் கையில் இருந்ததும் இல்லாமல் போய்விடுமா? நான் தேடியது திருடனை இல்லை, எனக்கு ஒரு மறைவிடத்தை. எனக்கு மேலே இருப்பவனும் எனக்குச் செய்வதைத்தான் நான் கீழே செய்தேன். ஒரே வித்தியாசம், எனக்கு அவர்களின் அம்மாக்களைத் தெரியும்.

2025 பிப்ரவரியில் டெக்னிகலர் கவிழ்ந்தது. சிங்கங்களைச் செய்த எம்பிசி அதனுடையதுதான். 'முஃபாசா' வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தியாவில் மட்டும் சுமார் 3,000 பேர், பெரும்பாலும் பெங்களூரில், வேலை போய் சம்பளத்துக்கு அலைந்தார்கள். பழைய நண்பர்கள் ராத்திரியெல்லாம் போன் செய்தார்கள். மறுபக்கம் 2023இல் மார்வெல் ஸ்டூடியோவின் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் ஒருவர்கூட எதிர்க்காமல் சங்கம் அமைக்க வாக்களித்ததும் நடந்திருக்கிறது. அது இங்கே வருமா, வருவதற்குள் ரோட்டோவையே இயந்திரம் எடுத்துக்கொள்ளுமா என்று பேசினோம். பேச்சின் நடுவில் எனக்கு அந்த 19 நாள் ஞாபகம் வந்தது.

நான்கு பேருக்கு இதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்திருந்தேன். பாகூர்ப் பையன் மட்டும் போன் எடுக்கவில்லை. போன வருடம் வில்லியனூர்த் தேர் அன்று கூட்டத்தில் பார்த்தேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராக இருக்கிறானாம். ஓட்டி டபுள் வருது ணா என்றான். வடம் பிடித்த கைகள் நகரும் வரைக்கும் ஓரமாக நின்றோம். பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி எண்ணினான்.

"எத்தினி நாளுக்கு ணா இது?"

"பத்தொம்பது."

"நைட்டு தங்குனத நீ சேக்கலையா? நான் எழுதி வெச்சிருக்கேன். இருபத்தி மூணு."

சரி என்றேன். தேர் திரும்புவதற்குள் மீதி நான்கு நாளைக்கு ஏடிஎம் தேடிப் போனோம். முதல் மிஷினில் பணம் இல்லை. அவன் பைக்கிலேயே அடுத்ததற்குப் போனோம்.